சிலிண்டரைக் கடைசியில் தொடுபவர்

தென்காசியில் ஏ.சி. மெக்கானிக்குக்கு மூச்சுவிட நேரம் இல்லாத மாதங்கள் பங்குனியும் சித்திரையும். வைகாசிப் பிற்பாதியில் மேற்கே மேகம் கூடி, ஆரியங்காவு கணவாய் வழியாகக் காற்று இறங்கிவிட்டால் வீடுகளில் ஏ.சி. ரிமோட் பீரோவுக்குள் போய்விடும். அப்போது அதே மெக்கானிக்கைக் குற்றாலத்து லாட்ஜுக்காரர்கள் தேட ஆரம்பிப்பார்கள். கீசர் சுடவில்லை. அறையில் பூஞ்சை வாடை. மெத்தை நமுத்துக் கிடக்கிறது. ஏ.சி.யிலிருந்து கட்டில் மேலேயே தண்ணீர் சொட்டுகிறது. ஐந்தாறு கிலோமீட்டர் தூரத்துக்குள், இரண்டு மாத இடைவெளியில், வெயிலுக்கும் சாரலுக்கும் ஒரே ஆள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

"நல்ல ஆளா யாராவது இருந்தா சொல்லுங்க அண்ணாச்சி" என்ற விசாரிப்பு இந்த ஊர் டீக்கடைகளில் அடிக்கடி காதில் விழும். பதிலும் உடனே வரும். கூப்பிட்டதும் வந்துவிடுவார், கைராசிக்காரர், மற்றவர்களைவிட நூறு ரூபாய் கம்மியாக வாங்குவார் என்பார்கள். மூன்றும் வேண்டியவைதான். ஆனால் அவருக்கு வேலை தெரியுமா என்பதற்கு இந்த மூன்றிலும் பதில் இல்லை. என்னைக் கேட்டால் ஒன்றே ஒன்றைத்தான் கவனிக்கச் சொல்வேன்: கேஸ் சிலிண்டரை அவர் எப்போது தொடுகிறார்?

"போனா எங்க போச்சு?"

குளிர்ச்சி குறைந்துவிட்டது என்று கூப்பிட்டால், வந்தவர் சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் "கேஸ் இல்ல" என்பதாகத்தான் இருக்கிறது. கேட்கிறவரும் தலையாட்டிவிடுகிறார். பைக்கில் பெட்ரோல் தீர்வதுபோல ஏ.சி.யில் கேஸ் தீர்ந்துவிடும் என்பது நம் மனதில் பதிந்துபோன நினைப்பு. உண்மையில் அந்த கேஸ் எரிவதும் இல்லை, தேய்வதும் இல்லை. கம்ப்ரஸர் அதை அழுத்துகிறது. வெளியில் இருக்கும் அவுட்டோர் காயிலில் அது சூட்டைக் கொட்டிவிட்டுத் திரவமாகிறது. உள்ளே இருக்கும் காயிலில் விரிந்து ஆவியாகும்போது அறையின் சூட்டை இழுத்துக்கொள்கிறது. மறுபடி கம்ப்ரஸருக்குப் போகிறது. அடைபட்ட செம்புக் குழாய்க்குள் பத்து வருடம் ஆனாலும் அதே கேஸ்தான் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவைக் கண்டுபிடிக்காமல் கேஸ் ஏற்றுகிறவர் அடுத்த கோடைக்கும் தனக்கு ஒரு வேலையை வைத்துவிட்டுப் போகிறார்.

மேலகரத்தில் உறவினர் வீட்டில் ஒருமுறை பார்த்ததைச் சொல்கிறேன். மாடியறை, ஒன்றரை டன் பழைய ஏ.சி., இன்வெர்ட்டர் இல்லாத வகை. எழுபதைத் தாண்டிய ஆச்சிதான் வீட்டுக்குப் பொறுப்பு. வந்த மெக்கானிக்குக்கு முப்பது வயதிருக்கும். பையைத் திறக்கவே இல்லை. முதலில் விசாரணை நடந்தது.

"எப்பத்துல இருந்து ஆச்சி இப்படி? பகல்ல மட்டுமா, ராத்திரியுமா?"

"பகல்லதான் சுத்தமா கூல் இல்ல. ராத்திரி கொஞ்சம் தேவல. போன தடவ வந்த பையன் கேஸ் போயிட்டுன்னு சொல்லிட்டான் தம்பி."

"போனா எங்க போச்சு ஆச்சி? ஓட்டை இருக்கணும்லா. பார்ப்போம்."

இன்டோருக்குள் போகிற காற்றின் சூட்டையும் வெளியே வருகிற காற்றின் சூட்டையும் சின்ன தெர்மாமீட்டரில் அளந்தார். ஆறு டிகிரிதான் வித்தியாசம். எட்டிலிருந்து பன்னிரண்டு டிகிரிவரை இருக்க வேண்டும் என்றார். அடுத்து அவுட்டோர் யூனிட்டின் ஒயரை க்ளாம்ப் மீட்டரால் கவ்விப் பிடித்தார். பிளேட்டில் போட்டிருப்பதைவிடக் கூடுதலாகவே ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்தது. அத்தோடு அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்துவிட்டது. கேஸ் குறைந்திருந்தால் கம்ப்ரஸருக்கு அழுத்த வேண்டிய பாரம் குறைவு. அது இழுக்கும் கரண்டும் குறைந்திருக்கும். இங்கே நேர்மாறு. சூடு வெளியேற வழியில்லாமல் கம்ப்ரஸர் திணறுகிறது. அவுட்டோரின் முதுகுப் பக்கம் போய்ப் பார்த்தால் காயில் முழுக்க வெள்ளைப் படலம். பக்கத்துத் தோட்டத்தில் இலவங்காய் வெடித்துப் பறந்த பஞ்சு, தூசியோடு சேர்ந்து கம்பளி மாதிரி அப்பிக்கிடந்தது. ராத்திரி வெளிக்காற்று குளிர்ந்திருப்பதால் சமாளித்திருக்கிறது, பகலில் முடியவில்லை. ஆச்சி சொன்ன அந்த ஒரு வரியிலேயே பாதி விடை இருந்தது.

பிரஷ்ஷும் தண்ணீருமாக முக்கால் மணி நேர வேலை. வித்தியாசம் ஆறிலிருந்து பதினொன்றுக்கு ஏறியது. சிலிண்டர் வண்டியிலேயே இருந்தது.

கூலி கேட்டபோதுதான் வினை. "கேஸ் ஒண்ணும் போடலியே தம்பி, தண்ணிய ஊத்திக் கழுவுனதுக்கா இவ்வளவு?" என்றார் ஆச்சி. அந்தப் பையன் பதில் சொல்லாமல் சிரித்தபடி நின்றது எனக்கு இன்னும் மனதில் இருக்கிறது. அந்தக் கேள்வி ஆச்சியுடையது மட்டும் இல்லை.

ஈரத்தைப் படித்தவர்

ஏ.சி. என்றால் குளிர் என்று நினைக்கிறோம். அது பிறந்தது ஈரத்தை அடக்க. 1902-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு அச்சகத்தில் கோடைக் காற்றின் ஈரத்தைக் குடித்து காகிதம் உப்புவதும் சுருங்குவதுமாக இருந்தது. ஒரு வண்ணத்தின் மேல் அடுத்த வண்ணம் உட்காராமல் விலகியது. பஃபலோ ஃபோர்ஜ் கம்பெனியில் வேலை பார்த்த வில்லிஸ் கேரியர் என்ற இளம் இன்ஜினீயர் அதற்காக வடிவமைத்த ஏற்பாடுதான் இன்றைய ஏ.சி.க்கு முன்னோடி. காகிதத்துக்கு ஈரம் ஆகாது என்பதைச் சிவகாசி அச்சகக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்களுக்கு வறண்ட காற்று இலவசமாகக் கிடைத்தது. குற்றாலத்துக்கு வாய்த்தது ஈரம்.

ஜூன், ஜூலையில் குற்றாலத்து லாட்ஜ் அறை ஒன்றை நினைத்துப் பாருங்கள். வெளியில் சாரல். அருவியில் குளித்துவிட்டு வந்த ஆறு பேரின் ஈரத் துண்டும் லுங்கியும் ஜன்னல் கம்பியிலும் நாற்காலியிலும் தொங்குகின்றன. சூடு அதிகமில்லை, புழுக்கம் மட்டும் இருக்கிறது. ஏ.சி.யை 24-ல் வைத்தால் சில நிமிடங்களில் அந்தச் சூட்டைத் தொட்டுவிட்டு கம்ப்ரஸர் நின்றுவிடும். காற்றிலிருக்கும் ஈரம் உள்காயிலின் குளிர்ந்த தகட்டில் படிந்து, தண்ணீராகி, டிரெய்ன் பைப் வழியாக வெளியேற வேண்டும். அதற்கு கம்ப்ரஸர் தொடர்ந்து ஓட வேண்டும். நின்று நின்று ஓடினால் அறை சில்லென்று இருக்கும், ஈரமும் அப்படியே இருக்கும். மூலையில் கறுப்புப் பூஞ்சை பூக்கும்.

அறை சின்னதாக இருக்க, "எதுக்கும் இருக்கட்டும்" என்று இரண்டு டன் ஏ.சி.யை மாட்டிய லாட்ஜுகளில் இந்தத் தொல்லை அதிகம். டன் கணக்கு பனிக்கட்டிக் காலத்து மிச்சம். ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு சூட்டை விழுங்குமோ அவ்வளவுதான் ஒரு டன். ஏறத்தாழ மூன்றரை கிலோவாட். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேர்த்துவைக்க 1842-ல் கட்டிய ஐஸ் ஹவுஸ் சென்னைக் கடற்கரையில் விவேகானந்தர் இல்லமாக இன்றும் நிற்கிறது. தேவைக்கு மேல் டன் போட்டால் அறை சீக்கிரம் குளிரும், ஈரம் போகாது, கரண்டும் மிச்சமாகாது.

ஆகவே வாங்குவதற்கு முன்பே ஆலோசனை கேட்கத் தகுந்தவராக மெக்கானிக் இருக்க வேண்டும். மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையா, மேற்குச் சுவர் வெயில் வாங்குமா, ஜன்னல் எத்தனை, படுப்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்கத் தெரிந்தவர், சதுர அடியை மட்டும் கேட்டு டன்னைச் சொல்பவரைவிட ஒரு படி மேல். சீசன் நேரத்தில் "டிரை மோடுல போடுங்க" என்று சொல்லித்தருபவர் அதற்கும் மேல். ரிமோட்டில் நீர்த்துளிப் படம் போட்ட அந்த மோடை நம்மில் எத்தனை பேர் தொட்டிருப்போம்?

வாக்யூம் என்ற பரீட்சை

இந்த ஈரம் அறையோடு நிற்காது, குழாய்க்குள்ளும் நுழையும். புது ஏ.சி. மாட்டும்போதும் கசிவை அடைத்துவிட்டு கேஸ் ஏற்றும்போதும் குழாயில் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வாக்யூம் பம்ப் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். அழுத்தம் போதிய அளவு இறங்கினால்தான் குழாயில் ஒட்டியிருக்கும் ஈரம், சாதாரணச் சூட்டிலேயே கொதித்து ஆவியாகி வெளியேறும். அதற்குக் குறைந்தது இருபது, முப்பது நிமிடம் பிடிக்கும். பம்பை நிறுத்திய பிறகு முள் அசையாமல் நிற்கிறதா என்று கொஞ்ச நேரம் காத்திருந்து பார்க்க வேண்டும்.

அவசரக்காரர்கள் இதற்குக் குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள். அவுட்டோரில் இருக்கும் கேஸைக் கொஞ்சம் திறந்துவிட்டு, அதன் வேகத்தில் காற்றை "புஸ்" என்று வெளியே தள்ளிவிட்டு நட்டை முறுக்கிவிடுவது. ஐந்து நிமிடத்தில் வேலை முடியும். ஆர்-22 காலத்தில் இது ஒருமாதிரி ஓடியது. அந்த கேஸுடன் போன மினரல் ஆயில் ஈரத்தை அவ்வளவாகக் குடிக்காது. இப்போதைய ஆர்-410ஏ, ஆர்-32 வகைகளில் பெரும்பாலும் போடும் செயற்கை ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை ஆவலோடு உறிஞ்சும். உள்ளே போன ஈரம் ஆயிலோடு சேர்ந்து அமிலமாகும். அமிலம் கம்ப்ரஸரின் காயில் வார்னிஷை அரிக்கும். ஒரு வருடமோ இரண்டு வருடமோ கழித்து கம்ப்ரஸர் எரியும்போது, மாட்டிய நாளின் அந்த ஐந்து நிமிடம் யாருக்கும் நினைவிருக்காது, "இந்தக் கம்பெனி ஏ.சி.யே சரியில்லை" என்ற பேர் மட்டும் மிஞ்சும். வறண்ட ஊரில் இதைக் கொஞ்சம் மன்னிக்கலாம். சாரல் விழுந்துகொண்டிருக்கும்போது ஐந்தருவிப் பக்கம் ஒரு அறையில் குழாயைத் திறந்துவைத்து வேலை பார்ப்பவர், வாக்யூம் போடாமல் மூடினால் குற்றாலத்தையே உள்ளே அடைத்துவிட்டுப் போகிறார்.

கேஸ் மாறியதால் பழைய கைப்பழக்கம் இன்னொரு இடத்திலும் இடறுகிறது. ஆர்-22-க்கு ஓடும்போது கேஜில் 60, 70 பவுண்டு காட்டினால் சரி. ஆர்-32-க்கும் 410ஏ-க்கும் ஏறத்தாழ அதன் இரண்டு மடங்கு காட்ட வேண்டும். எந்த கேஸ் என்று ஸ்டிக்கரைப் படிக்காமல் கேஜைப் பார்ப்பவர் இரண்டு பக்கமும் தப்பு செய்யலாம். இன்வெர்ட்டர் ஏ.சி.யில் கம்ப்ரஸரின் வேகம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதால் கேஜ் முள்ளை மட்டும் நம்பவே முடியாது. இருக்கும் கேஸை முழுதும் எடுத்துவிட்டு, பிளேட்டில் போட்டிருக்கும் எடையைத் தராசில் நிறுத்து ஏற்றுவதுதான் முறை. கையில் தராசு இல்லாமல் "ஒரு அளவா ஏத்திருக்கேன்" என்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

காற்று, குரங்கு, பல்லி

கம்பெனிக் கையேடுகள் சொல்லாத சிலவற்றை ஊர்தான் கற்றுத்தரும். காசி விஸ்வநாதர் கோயில் ராஜகோபுர வாசலில் ஆனி, ஆடியில் நின்றவர்களுக்கு இந்தக் காற்று ஆளைத் தள்ளும் என்பது தெரியும். சுரண்டை, பாவூர்சத்திரம் பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்பது இந்தக் காற்றை நம்பித்தான். அவுட்டோர் யூனிட்டை மேற்கு பார்த்து மாட்டினால், உள்ளிருந்து சூட்டைத் தள்ளும் விசிறியும் கணவாய்க் காற்றும் நேருக்கு நேர் மோதும். தள்ளிய சூடு திரும்ப அதற்குள்ளேயே வரும். ஏ.சி. நின்றிருக்கும் நேரத்தில் விசிறி காற்றுக்குப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். ஸ்டார்ட் ஆகும்போது மோட்டாருக்குச் சிரமம். இந்த ஊர் ஆளாக இருந்தால் வடக்கு, தெற்கு பார்த்த சுவரைத் தேடுவார். வேறு வழியே இல்லாவிட்டால் சற்றுத் தள்ளி ஒரு தடுப்பு வைக்கச் சொல்வார். டிரெய்ன் பைப்பின் வாயையும் காற்றுக்கு எதிரே விடமாட்டார். விட்டால் சொட்ட வேண்டிய தண்ணீர் திரும்பி உள்ளே வந்து சுவரை நனைக்கும்.

குற்றாலத்தில் குரங்கு ஒரு தனிக் கணக்கு. செம்புக் குழாய்மேல் சுற்றியிருக்கும் கறுப்பு இன்சுலேஷன் பஞ்சைப் பிய்த்துப் போட்டுவிடும். குழாய் வேர்த்து, சுவரெல்லாம் வழியும். வீட்டுக்காரர் "ஏ.சி. ஒழுகுது" என்று கூப்பிடுவார். குரங்குக்கும் திருட்டுக்கும் பயந்து சிலர் அவுட்டோரைச் சுற்றி நெருக்கமான கம்பிக்கூண்டோ தகரப் பெட்டியோ அடித்துவிடுகிறார்கள். மழை பட்டால் அவுட்டோருக்கு ஒன்றும் ஆகாது, அதற்காகவே செய்தது. மூச்சை அடைத்தால்தான் ஆபத்து. குழாயை பி.வி.சி. பைப்புக்குள் விட்டு, கூண்டை அகலக் கண்ணியில் தள்ளிப் போடச் சொல்கிறவருக்கு வீட்டுக்காரரின் பயமும் தெரியும், இயந்திரத்தின் தேவையும் தெரியும். இன்வெர்ட்டர் போர்டில் பல்லி ஏறி ஷார்ட் ஆவது இன்னொன்று. மலையடிவார ஊர்களில் போர்டு பழுதென்றால் முதலில் செத்த பல்லியைத் தேடுங்கள்.

கீசர்: விளையாட்டில்லை

ஏ.சி. கெட்டால் புழுங்கும். கீசர் கெட்டால் ஆள் போய்விடலாம். குற்றாலத்து லாட்ஜ் கீசர்களுக்கு வாழ்க்கை விசித்திரமானது. வருடத்தில் பாதிக்கு மேல் சும்மா கிடக்கும். சீசன் வந்ததும் விடிகாலை நான்கு மணிக்கு ஆரம்பித்து இரவுவரை ஓய்வில்லாமல் ஓடும். 25 லிட்டர் தொட்டியை 2,000 வாட் எலிமென்ட் 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர அரை மணி நேரம் ஆகும். பத்து நிமிடத்துக்கு ஒருவர் குளித்தால் யாருக்கும் வெந்நீர் கிடைக்காது. அதற்கு மெக்கானிக்கைத் திட்டிப் பயனில்லை. அந்தக் கணக்கை லாட்ஜ் முதலாளிக்குப் புரியவைப்பதும் மெக்கானிக்கின் வேலையில் சேர்ந்ததுதான்.

சீசனுக்கு முன் கீசரைத் திறக்கிறவர் முதலில் பார்க்க வேண்டியது எர்த். அடுத்து முப்பது மில்லியாம்பியர் கசிவுக்கே ட்ரிப் ஆகும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா, அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதா என்பது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் ஆளுக்கும் ஓட்டையான எலிமென்ட்டுக்கும் நடுவே இருப்பது அந்தச் சின்னப் பெட்டி ஒன்றுதான். மூன்றாவது, பாதுகாப்பு வால்வு. தண்ணீர் சுடும்போது விரியும். விரிந்த அளவு அந்த வால்வு வழியாகச் சொட்டத்தான் செய்யும். "சும்மா சொட்டுது, அடைச்சு விட்டுருப்பா" என்று சொல்லும் வாடிக்கையாளரும், சரி என்று அடைத்துவிடும் மெக்கானிக்கும் சேர்ந்து குளியலறைச் சுவரில் ஒரு குண்டைத் தொங்கவிடுகிறார்கள். தெர்மோஸ்டாட் ஒருநாள் ஒட்டிக்கொண்டால் அது தெரியவரும். வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டாலும் மாட்டேன் என்று சொல்லும் திராணி இந்தத் தொழிலில் ஒரு தகுதி. கதவடைத்த குளியலறைக்குள் கேஸ் கீசர் மாட்டச் சொன்னாலும் அதே பதில்தான் வர வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

மாதக்கணக்கில் தேங்கிக்கிடந்த தண்ணீரை வடித்துவிடாமல் சுவிட்சைப் போடும் லாட்ஜுகளுக்கு இன்னொரு செய்தி. 1976-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் கூடிய முன்னாள் படைவீரர்கள் கூட்டம் கூட்டமாக நிமோனியாவில் விழுந்தபோதுதான் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா உலகத்துக்குத் தெரியவந்தது. வெதுவெதுப்பான தேங்கிய நீர் அதற்குப் பிடித்தமான இடம். தொட்டியைக் கழுவி, 60 டிகிரிக்குச் சுடவைத்து, குழாயெல்லாம் ஓடவிட்டு, அதன் பிறகு அறையை வாடகைக்கு விடுங்கள்.

மலையோரம் கிடைக்கும் தண்ணீர் மென்மையானது. கிழக்கே போகப் போக, போர் தண்ணீர் புழங்கும் ஊர்களில் எலிமென்ட் மேல் சுண்ணாம்பு கட்டிக்கொள்ளும். ஒரே கீசர், இலஞ்சியில் ஒரு மாதிரியும் ஆலங்குளத்தில் ஒரு மாதிரியும் வயதாகும். உள்ளே இருக்கும் மெக்னீசியம் கம்பி தான் கரைந்து தொட்டியைக் காப்பாற்றுவது. அதை மாற்ற வேண்டும் என்று சொல்லும் மெக்கானிக்கைச் சந்தேகிக்காதீர்கள்.

உயிர் முதலில்

ஆர்-22 ஓசோனைக் கெடுப்பதால் 1987-ன் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி படிப்படியாக விலக்கப்பட்டது. 2025 தொடக்கத்திலிருந்து இந்தியாவில் புதிய கருவிகளை அந்த கேஸ் போட்டுத் தயாரிக்க முடியாது. அதன் இடத்துக்கு வந்த 410ஏ, கார்பன் டை ஆக்சைடைப்போல இரண்டாயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்குவது. அதில் மூன்றில் ஒரு பங்கு கெடுதல் மட்டுமே உள்ள ஆர்-32 இப்போது பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது. கெடுதல் இன்னும் குறைந்தது ஆர்-290, அதாவது புரொப்பேன்; நம் அடுப்பு கேஸின் பங்காளி. சுற்றுச்சூழலுக்கு நல்லதாக ஆக ஆக, தீப்பிடிக்கும் குணம் கூடிவருகிறது. ஆர்-32 மெதுவாகத்தான் பற்றும், ஆனால் பற்றும். பீடியைப் பற்றவைத்துக்கொண்டே கசிவு பார்த்த காலம் முடிந்துவிட்டது. ஜன்னலைத் திறந்து, கேஸை முழுதும் எடுத்து, நைட்ரஜன் விட்டுக் குழாயைச் சுத்தம் செய்த பிறகே டார்ச் பற்றவைக்க வேண்டும்.

கசிவு பார்க்கவும் நைட்ரஜன்தான். வெல்டிங் செட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று ஆக்சிஜனைக் குழாயில் ஏற்றினால், உள்ளே இருக்கும் ஆயிலோடு சேர்ந்து கம்ப்ரஸர் வெடிக்கும். உயிரைக் குடிக்கிற தவறு அது. மெக்கானிக்கின் வண்டியில் நைட்ரஜன் சிலிண்டர் இருப்பது, சட்டைப்பையில் சர்டிபிகேட் இருப்பதைவிட எனக்கு நம்பிக்கை தருகிறது. மூன்றாம் மாடிச் சுவரில் தொங்கும் அவுட்டோரைக் கழற்ற, ஜன்னல் சன்ஷேடில் கால் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிற்கும் பையன்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பெல்ட் கேட்பவர் பயந்தாங்கொள்ளி இல்லை.

அமெரிக்காவில் கேஸ் இருக்கும் குழாயைத் திறக்க வேண்டுமென்றால் 608 எனப்படும் அரசு அங்கீகாரச் சான்றிதழ் இருக்க வேண்டும். இங்கே அப்படிக் கட்டாயம் இல்லை. ஐ.டி.ஐ.யில் ரெஃப்ரிஜரேஷன், ஏர்கண்டிஷனிங் மெக்கானிக் படிப்பு இரண்டு ஆண்டு. படித்து வருகிறவர்களும் உண்டு. அண்ணன் கடையில் ஸ்பேனர் எடுத்துக்கொடுத்தே கற்றவர்கள் அதைவிட அதிகம். மத்திய அரசு 2019 மார்ச்சில் வெளியிட்ட குளிர்விப்புச் செயல்திட்டம் ஒரு லட்சம் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தர இலக்கு வைத்தது. நம் பகுதிக்கு இன்னொரு பள்ளிக்கூடமும் இருக்கிறது: வெளிநாடு. ஏ.சி. இல்லாமல் தங்கள் ஊர் இவ்வளவு வளர்ந்திருக்காது என்று லீ குவான் யூவே சொன்ன சிங்கப்பூரும், ஏ.சி. நின்றால் வாழ்க்கையே நிற்கும் வளைகுடா நாடுகளும் கடையநல்லூர் வட்டாரத்துக்கு அடுத்த தெரு மாதிரி. அங்கே பெரிய சில்லர்களில் வேலை பார்த்துத் திரும்பியவர்களின் கையில் ஒரு ஒழுங்கு இருக்கும். மெயினை அணைத்துப் பூட்டுப்போடாமல் போர்டில் கை வைக்கமாட்டார்கள். அந்த ஒழுங்கு இங்கேயே பயிற்சி பெறும் பையன்களுக்கும் வர வேண்டும்; அதற்காக ஒரு தலைமுறை துபாய் போய் வர வேண்டியதில்லை.

கரண்ட் பில்லும் ஒரு பாடம்

வேலை முடித்துக் கிளம்பும்போது நல்ல மெக்கானிக் இன்னும் இரண்டு நிமிடம் நிற்பார். 2020 ஜனவரி முதல் புது ஏ.சி.கள் எல்லாம் 24 டிகிரியில்தான் ஆன் ஆக வேண்டும் என்பது விதி. நாம் ரிமோட்டை எடுத்த உடனே 18-க்கு இறக்குகிறோம். ஒரு டிகிரி கூட்டினால் ஏறத்தாழ ஆறு சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது மத்திய எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. "26-ல வச்சு ஃபேனை ஒண்ணுல போடுங்க" என்று அவர் சொன்னால் கேளுங்கள். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கடைசிச் சில யூனிட்டுகளுக்கு மட்டுமின்றி, கீழ்ப் படிகளுக்கும் கட்டண விகிதம் மாறிவிடும். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நம்மை நிறுத்துவதில் ஃபில்டர் கழுவுவதற்கும் பங்கு உண்டு. அதை நம்மையே கழுவச் சொல்லிக் கற்றுத்தருபவர் தன் சர்வீஸ் வருமானத்தில் கொஞ்சத்தை விட்டுக்கொடுக்கிறார் என்பதையும் கவனியுங்கள்.

இத்தனையும் தெரிந்த மெக்கானிக் ஏன் அரிதாக இருக்கிறார்? குறை முழுக்க அவர்கள் பக்கம் இல்லை. கேஸ் ஏற்றினால் இரண்டாயிரம், மூவாயிரம் என்று தயங்காமல் எடுத்துத் தருகிறோம். கண்ணுக்குத் தெரியும் பொருள் ஒன்று உள்ளே போயிருக்கிறது என்று மனம் ஆறுகிறது. ஒரு மணி நேரம் அளந்து, யோசித்து, "கேஸ் தேவையில்லை" என்று சொல்பவருக்கு முன்னூறு ரூபாய் தர மனம் வருவதில்லை. டாக்டர் ஸ்கேன் பார்த்து ஒன்றுமில்லை என்று சொன்னால் மட்டும் நிம்மதியாக ஃபீஸ் கட்டுகிறோம். உண்மை பேசியவருக்குக் கூலியைக் குறைத்து, சிலிண்டரைத் திறந்தவருக்கு அள்ளிக்கொடுக்கும் ஊரில் பசியோடு இருக்கும் ஒரு இளைஞன் எதைக் கற்றுக்கொள்வான்?

வருகிற பங்குனிக்குக் காத்திருக்காதீர்கள். தை, மாசியிலேயே கூப்பிட்டு ஏ.சி.யைப் பார்க்கச் சொல்லுங்கள். லாட்ஜ் வைத்திருப்பவர்கள் சித்திரையிலேயே கீசர்களைத் திறந்துவிடுங்கள். வருகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "பார்த்துச் சொல்றதுக்குத் தனியாத் தாரேன் தம்பி, கேஸ் வேண்டாம்னா வேண்டாம்னே சொல்லுங்க." சொன்னபடி கொடுத்தும் விடுங்கள்.